ஒரு ஆள் குறையுது

எங்கள் தெருவில் ஒரு ஏட்டையா இருக்கிறார். ரிடையர் ஆகி வருஷக்கணக்காகிவிட்டது. ஆனாலும் தர்மபுரியில் எங்கள் தெருக்காரர்களுக்கு அவர் இன்றைக்கும் ஏட்டையாதான். பெயரைச் சொல்லி விசாரித்தால் நாலு வீடு தள்ளி இருப்பவருக்கே தெரியாது.

அவரிடம் ஒரு விநோதப் பழக்கம் உண்டு. எங்கே போனாலும் ஆட்களை எண்ணுவார். கல்யாணத்துக்கு வேன் பிடித்துப் போனால், கிளம்பும்போது ஒருமுறை, டீ குடிக்க நிறுத்தினால் ஒருமுறை, ஊர் திரும்பும்போது ஒருமுறை. விரலை நீட்டி எண்ண மாட்டார். உதடு மட்டும் லேசாக அசையும். கணக்கு சரியாக வந்தால் ஒரு சின்னத் தலையாட்டல். தெருப் பிள்ளைகள் இதைக் கண்டுபிடித்துவிட்டு, வேண்டுமென்றே சீட்டுக்கு அடியில் ஒளிந்துகொள்வார்கள். ஒருவரையும் திட்ட மாட்டார். குனிந்து பார்த்து, கையைப் பிடித்து வெளியே எடுத்து, எண்ணிக்கையில் சேர்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

வயசானால் வருகிற ஏதோ ஒரு பிடிவாதம் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். காரணம் தெரிந்தது மாதேஸ்வரன் மலைக்குப் போன ஒரு அமாவாசை அன்று.

எங்கள் பக்கத்தில் மாதேஸ்வரன் என்பது வெறும் சாமி இல்லை. வீட்டுக்கு ஒரு மாதையன், மாதேஷ், மாதம்மாள் இருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ‘மாது’ என்று கூப்பிட்டால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். கோயில் இருப்பது கர்நாடகத்தில். கும்பிடுகிற கூட்டத்தில் பாதி நம்முடையது. அம்மாவுக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது. ஏட்டையா அமாவாசை தவறாமல் போகிறவர். “நான் கூட்டிட்டுப் போறேன் தங்கச்சி” என்று அம்மாவிடம் சொன்னார். துணைக்கு நான்.

தொப்பூர், மேச்சேரி, மேட்டூர். அங்கே வண்டி மாறி கொளத்தூர் வழி. மேட்டூர் தாண்டிவிட்டால் அணையில் தேங்கிய தண்ணீர் அங்கங்கே தலைகாட்டும். அக்கரையில் தெரிகிற கரடெல்லாம் எங்கள் பென்னாகரம் தாலுகா. ஒட்டனூரில் பரிசல் ஏறினால் இந்தக் கரையில் கோட்டையூரில் இறங்கலாம். மேப்பில் வேறு மாவட்டம், வேறு மாநிலம். ஆனால் காடு ஒன்று, மலை ஒன்று, சாமி ஒன்று. 1990கள் முழுக்க பயமும் ஒன்றாகத்தான் இருந்தது.

பஸ் பாலாற்றை நெருங்கியது. பாலாறு என்றதும் வேலூரை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது வேறு. காவிரியோடு வந்து சேர்கிற சின்ன ஆறு. பாலத்துக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கர்நாடகம். பாலம் தாண்டியதும் காடு நெருங்கி வந்து ஜன்னலை உரசியது. அதுவரை அம்மாவிடம் பருப்பு விலை பேசிக்கொண்டிருந்த ஏட்டையா, பேச்சை நிறுத்தினார். செருப்பைக் கழற்றிவிட்டு, காலைத் தரையில் வைத்து உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் திரும்பச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

“என்னங்க ஏட்டையா?” என்றேன்.

“சொரக்காய்மடுவு தம்பி. அவ்வளவுதான்.”

நடந்தது 1993 ஏப்ரல் 9, புனித வெள்ளி. நாற்பது வயது தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். தமிழ்நாட்டு அதிரடிப்படையை இந்தப் பக்கம் நடத்திக்கொண்டிருந்தவர் எஸ்.பி. கோபாலகிருஷ்ணன். உடற்கட்டைப் பார்த்து ‘ராம்போ’ என்று பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். அவரை அசிங்கமாகத் திட்டி, ‘தைரியம் இருந்தால் வந்து பிடி’ என்று வீரப்பன் தரப்பில் கொளத்தூரில் ஒரு தட்டி வைத்தார்கள். கோபாலகிருஷ்ணன் கிளம்பிவிட்டார். கோபக்காரனுக்குப் போட்ட தூண்டில் அது என்று இன்றைக்கு நிதானமாக உட்கார்ந்து நாம் சொல்லிவிடலாம். அன்றைக்கு அந்தத் தட்டியை ஊரே படித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்திருக்கும். அது வேறு விஷயம்.

அவர் வந்த ஜீப் பாலாறு பாலத்தருகே ரிப்பேர். செக்போஸ்ட்டில் கேட்டு இரண்டு வண்டிகளை வாங்கினார்கள். முதல் வண்டியில் கோபாலகிருஷ்ணன். கூட கொஞ்சம் போலீஸ், வனத்துறைக்காரர்கள், வழிகாட்டவும் துப்புச் சொல்லவும் கூட்டிவந்த ஊர்க்காரர்கள். அவர் சீட்டில் உட்காரவில்லை. படியில் நின்றபடி வந்தார். இரண்டாவது வண்டியில் இன்ஸ்பெக்டர் அசோக்குமாரும் விரல் விட்டு எண்ணக்கூடிய போலீசாரும் வந்தார்கள்.

சாலைக்கு அடியில் கண்ணிவெடிகள். மேலே சரிவில் வீரப்பன் கும்பல். ஜீப் வரும் என்று காத்திருந்தவர்கள் கண்ணுக்கு பெரிய வண்டி தெரிந்தது. படியில் ராம்போ நிற்பதும் தெரிந்தது. சீழ்க்கை கொடுத்தான். பேட்டரியில் ஒயரைத் தொட்டார்கள்.

வெடித்த வேகத்தைப் பார்த்து வீரப்பனே நடுங்கி, வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்துவிட்டான் என்று, பின்னாளில் அதிரடிப்படைத் தலைவராக இருந்து அவன் கதையை முடித்த விஜயகுமார் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். 2017ல் வந்த ஆங்கிலப் புத்தகம். நான் படித்தது பிறகு. அன்றைக்கு பஸ்ஸில் எனக்குத் தெரிந்ததெல்லாம் செத்தவர்கள் எண்ணிக்கை மட்டும். 22 பேர்.

“இருவத்தி ரெண்டுன்னு சொல்றோம். அதுல போலீஸ் எத்தன பேரு தெரியுமா?” என்று ஏட்டையா கேட்டார்.

பெரும்பாலும் போலீஸ்தான் என்று நினைத்திருந்தேன்.

“அஞ்சு பேரு. ரெண்டு பேரு ஃபாரஸ்ட். மீதி பதினஞ்சு பேரும் கூட்டிட்டு வந்த ஜனங்க. நம்மள மாதிரி ஆளுங்க. அவங்களுக்கு யூனிஃபார்மும் கிடையாது, பென்ஷனும் கிடையாது.”

இந்த மாதிரி சம்பவங்களைச் சொல்லும்போது நாம் எல்லோரும் வெடியோடு நிறுத்திவிடுவோம். சினிமாவிலும் அதோடு சரி. புகை கலைந்ததும் அடுத்த சீன் ஆஸ்பத்திரி. வெள்ளைக் கட்டு, கையில் குளுக்கோஸ் பாட்டில், வாசலில் அழுகிற மனைவி. காட்டு ரோட்டில் கிடந்தவன் அந்தக் கட்டிலுக்கு எப்படி வந்தான் என்று எந்த டைரக்டரும் கவலைப்பட்டதில்லை. நானும் கவலைப்பட்டதில்லை. ஏட்டையா சொல்லச் சொல்லத்தான் அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது.

யோசித்துப் பாருங்கள். நீங்கள் இரண்டாவது வண்டியில் இருக்கிறீர்கள். முன்னால் போன வண்டி ஆகாயத்துக்குப் போய் விழுந்திருக்கிறது. வெடி வைத்தவன் மேலேயே இருக்கிறானா, போய்விட்டானா என்று உங்களுக்குத் தெரியாது. ரோட்டில் ஒரு வெடிதான் வைத்தானா, இன்னொன்று உங்கள் காலடியிலேயே இருக்கிறதா, அதுவும் தெரியாது. மலைக்குள் வயர்லெஸ்ஸை நம்ப முடியாது. செல்போன் இந்தியாவுக்கே 1995ல்தான் வந்தது. 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்தது 2008ல். இறங்கி ஓடினால் உயிர் பிழைக்கலாம். யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. கேட்க வேண்டிய அதிகாரியே ரோட்டில் ரத்தத்தில் கிடக்கிறார்.

அவர்கள் ஓடவில்லை. முன்னால் போனார்கள். இன்ஸ்பெக்டர் அசோக்குமார் சிதறிக் கிடந்த உடல்களை எண்ணினார். 21. உயிர் இருந்தவர்கள், இல்லாதவர்கள் எல்லோரையும் தூக்கினார்கள். தூரத்தில் நிறுத்தியிருந்த இரண்டாவது வண்டியில் ஏற்றினார்கள். தலையிலும் கால்களிலும் பலத்த காயத்தோடு கிடந்த கோபாலகிருஷ்ணன் பிழைத்தார். அதற்கப்புறம் பல ஆபரேஷன்கள்.

“ராம்போ சார் ஒடம்பு எப்பிடி இருக்கும்னு போட்டோவுல பாத்திருக்கியா?” என்றார் ஏட்டையா. “நெனவு இருக்கற ஆளத் தூக்குறது வேற. அவன் உன் கழுத்தப் புடிச்சுக்குவான். நெனவு தப்பின ஆளு தண்ணி ரொம்பின சாக்கு மாதிரி. எங்க புடிச்சாலும் வழியும். ரத்தம் பட்டா கை வழுக்கும். பெல்ட்டப் புடிச்சுத்தான் தூக்கணும். அதெல்லாம் டிரெய்னிங்ல வராது தம்பி.”

இவருக்கு எப்படித் தெரியும்? அதிரடிப்படையில் இருந்தவரா? கேட்டேன். இல்லை. முதலில் ஏ.ஆர்., அப்புறம் தாலுகா ஸ்டேஷன்கள், பாதி சர்வீஸ் பந்தோபஸ்து. பாலாறு சமாச்சாரம் எல்லாம் டிபார்ட்மெண்டுக்குள் காதுவழி வந்தது. விஜயகுமார் புத்தகம் தமிழில் வந்தபோது பேரனை வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம்.

“அதுல ஒரு எடம் வரும். பேரன வாசிக்கறத நிறுத்தச் சொல்லிட்டேன்” என்றார்.

அந்த இடத்தைப் பின்னால் நானும் படித்தேன். எல்லோரையும் ஏற்றிக்கொண்டு அவசரத்தில் வண்டி கிளம்பிவிட்டது. வெடித்த வேகத்தில் தூக்கி வீசப்பட்டு, கொஞ்சம் தள்ளிப் போய் விழுந்திருந்த ஒரு போலீஸ்காரரை அந்தப் பதற்றத்தில் யாரும் பார்க்கவில்லை. வண்டி போன பிறகுதான் கவனித்தார்கள். அவர் சீக்கிரமே இறந்துபோனார்.

உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றப் போனவர்கள் கையாலேயே ஒருவர் விட்டுப்போனார். இதை அந்த இன்ஸ்பெக்டர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார் பாருங்கள், அதை நான் பெரிதாக நினைக்கிறேன். வெடிக்குள் நடந்து போனதைவிட அது கஷ்டமான காரியமாக இருந்திருக்கலாம். சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது?

இதற்கு நேர் எதிர்த் திசையில் ஒரு சமாச்சாரம் உண்டு. வருஷா வருஷம் அக்டோபர் 21ம் தேதி எல்லா மாவட்டத்திலும் ஆயுதப்படை மைதானத்தில் காவலர் வீரவணக்க நாள் நடக்கும். ஸ்தூபிக்கு மலர் வளையம், துப்பாக்கி முழக்கம், அந்த வருஷம் நாடு முழுக்க இறந்த காவலர்களின் பெயர் வாசிப்பு. அந்தத் தேதி எப்படி வந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? 1959 அக்டோபர் 21, லடாக்கில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற இடம். காணாமல் போன சக ஆட்களைத் தேடிப் போன போலீஸ் குழு மீது சீனர்கள் சுட்டார்கள். 10 பேர் இறந்தார்கள். அந்த உடல்களை நம்மால் எடுத்துவர முடியவில்லை. நவம்பர் 13ம் தேதி சீனர்கள் திருப்பித் தந்த பிறகுதான் எரியூட்டினார்கள். அதாவது, இந்தியப் போலீஸ் தன் வீரத்துக்கென்று வைத்திருக்கும் நாளே, கூட வந்தவனைத் தேடிப் போனவர்கள் நாள். திரும்ப எடுத்துவர முடியாமல் போனவர்களின் நாள். மைக்கில் பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னால் நன்றாக இருக்கும்.

பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் முக்கிக்கொண்டு ஏறியது. அம்மா தூங்கிவிட்டாள். ஏட்டையா அவராகவே ஆரம்பித்தார்.

“எனக்கும் ஒண்ணு நடந்துச்சு. இந்த அளவுக்குப் பெரிசில்ல.”

தர்மபுரி மாவட்டம் இன்னும் ஒன்றாக இருந்த காலம். 2004ல்தான் கிருஷ்ணகிரி பிரிந்தது. ஏதோ ஒரு கிராமம், திருவிழா ராத்திரி, இரண்டு கோஷ்டிகள். ஊர்ப் பெயரை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பந்தோபஸ்துக்குப் போன வேனில் டிரைவரோடு சேர்த்து பதினோரு பேர். பிரம்புத் தட்டியும் லத்தியும்தான் ஆயுதம். கரண்ட் போனதும் கல் பறக்க ஆரம்பித்திருக்கிறது. ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல், ‘ஏறு ஏறு’ என்று ஆளுக்கு ஆள் கத்திக்கொண்டு வேனில் ஏறிக் கிளம்பிவிட்டார்கள். ரெண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு டீக்கடை வெளிச்சத்தில் நிறுத்தி யாருக்கு எங்கே அடி என்று பார்த்தார்கள்.

“பத்து பேருதான் இருந்தோம்.”

ஆறு மாசம் முன்னால் வேலைக்குச் சேர்ந்த பையன். அவனைக் காணவில்லை.

“அதிகாரி என்ன சொன்னாரு?”

“ஃபோர்ஸ் வரட்டும், சேர்ந்து போலாம்னாரு. அவரு சொன்னதும் தப்பில்ல. பத்து பேரும் ஒண்ணா மாட்டிக்கிட்டா என்ன பண்றது? ஆனா ஃபோர்ஸ் வர எப்பிடியும் ஒரு மணி நேரம். நாலு பேரு போறோம்னோம். அவரு எதுவும் சொல்லல. மூஞ்சத் திருப்பிக்கிட்டாரு. போங்கன்னு அர்த்தம்.”

நாலு பேரும் ரோட்டில் போகவில்லை. மரவள்ளிக் காட்டுக்குள் இறங்கி நடந்தார்கள். டார்ச் அடிக்க முடியாது. ஊர்ப் பக்கம் இன்னும் கூச்சல் கேட்கிறது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. பையன் அங்கேயேதான் கிடந்திருக்கிறான், பாத்திக்குள். காலடிச் சத்தம் கேட்டு, தன்னை அடிக்க வருகிற கூட்டம் என்று நினைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறான். ஊருக்குள் யாரோ அவன் பெயரைத் தெரிந்துகொண்டு கூப்பிடுகிறார்கள் என்று பயம்.

“அப்பத்தான் எனக்கு ஒண்ணு தோணுச்சு. பேரச் சொல்றத விட்டுட்டு அவன் நம்பரச் சொன்னேன். காலைல ரோல் கால்ல கூப்பிடற மாதிரி, அதே ராகத்துல. இருட்டுக்குள்ள இருந்து ‘சார்’னு ஒரு சத்தம்.”

ஏட்டையா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் வேறு பக்கம் பார்த்தேன்.

பையனுக்குக் காதுக்கு மேலே கல் அடி. தோளில் வெட்டு. தூக்கினால் கத்துகிறான். கத்தினால் கூட்டம் வரும். என்ன செய்வதென்று நிற்கும்போது பக்கத்துக் குடிசையிலிருந்து ஒரு பெரியவர் வெளியே வந்தார். அதே ஊர்க்காரர். நாலு போலீஸையும் பார்த்தார், கீழே கிடந்தவனையும் பார்த்தார். உள்ளே போய்த் தன் கயிற்றுக் கட்டிலைத் தூக்கிவந்து போட்டார். படுக்க வைத்தார்கள். ரெண்டு கிலோமீட்டர். காட்டுக்குள் மேடும் பள்ளமும். நாலு மூலைக்கு நாலு போலீஸ். பாதி வழியில் ஒருவருக்குக் கால் பிசகிவிட, அந்த மூலையைப் பெரியவர் வாங்கிக்கொண்டார்.

“அந்தக் கட்டில நாங்க திருப்பிக் குடுக்கவே இல்ல தம்பி. ஆஸ்பத்திரியிலயே போயிடுச்சு. அப்புறம் கேஸு, அரெஸ்ட்டுன்னு அந்த ஊருக்குள்ள நல்ல முகத்தோட போகவே முடியல.”

பையன் பிழைத்தான். ஒரு காது போய்விட்டது. இப்போது எங்கோ எஸ்.ஐ.யாக இருக்கிறான். பொங்கலுக்குப் பொங்கல் போன் வரும். “ரொம்பச் சத்தமாப் பேசுவான். அவனுக்குக் காது கேக்காதுங்கறதால, நான்தான் செவிடுன்னு நெனச்சுக்கறான்” என்று சிரித்தார்.

“உங்களுக்கு மெடல், ரிவார்டு ஏதாவது?”

“எப்பிடி வரும்? ரிப்போர்ட்டுல, தாக்குதலுக்கு நடுவுல காயம்பட்ட காவலரை மீட்டு ஆஸ்பத்திரியில சேர்த்தோம்னு ஒரு வரி. விட்டுட்டு வந்தோம்னு எழுதினாத்தானே, திரும்பிப் போனோம்னு எழுத முடியும்?”

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரையே. அமெரிக்க ராணுவத்தில், விழுந்துகிடக்கும் தோழனை ஒருபோதும் விட்டுவர மாட்டேன் என்று உறுதிமொழியிலேயே ஒரு வரி இருக்கிறது. கேட்க கம்பீரமாக இருக்கும். அந்த வரியில் ஒரு சிக்கல். விட்டுவிட்டு வந்துவிட்டால் அப்புறம் என்ன செய்வது என்று அது சொல்லவில்லை. பதற்றத்தில் யாரும் விட்டுவிட்டுத்தான் வருவார்கள். வெளிச்சத்தில் நின்று எண்ணிப் பார்க்கிறானா, எண்ணிக்கை குறைந்தால் வாயைத் திறந்து சொல்கிறானா, அங்கேதான் ஆள் யாரென்று தெரிகிறது. ஆனால் சொன்னால் ரிப்போர்ட் கெட்டுவிடும். சொல்லாவிட்டால் மெடலுக்கு வாய்ப்பு உண்டு.

போலீஸ் வீரத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்று ஊரில் ஒரு நண்பனிடம் சொன்னேன். “தர்மபுரியில உக்காந்துக்கிட்டா? வாச்சாத்தியப் பத்தியும் எழுதுவியா?” என்றான். நியாயமான கேள்வி. 1992 ஜூன் 20ம் தேதி, இதே மாவட்டத்தில் அரூர் பக்கம் வாச்சாத்தி கிராமத்துக்குள் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று புகுந்தவர்கள் வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். ஊரையே சூறையாடினார்கள். 269 பேர் மீது வழக்கு. அதில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே செத்துப்போக, மீதி 215 பேருக்கும் 2011 செப்டம்பர் 29ல் தர்மபுரி நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. 2023ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 215 பேரில் போலீஸ்காரர்கள் மட்டும் 84.

வாச்சாத்திக்கும் பாலாற்றுக்கும் நடுவில் பத்து மாசம்கூட இல்லை. அதே காக்கி. ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கழுவ முடியாது. நான் முயற்சி செய்யவும் இல்லை. ஏட்டையாவிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “அந்தக் கட்டில் குடுத்த பெரியவரு, எங்கள எப்பிடிப் பாத்திருப்பாருன்னு பல தடவ நெனச்சிருக்கேன்” என்று மட்டும் சொன்னார்.

பாலாற்றில் செத்த அந்த 15 ஊர்க்காரர்கள் பற்றியும் எனக்கு மனசு ஆறவில்லை. போலீஸ் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாது. போனால் வீரப்பன் கணக்கில் துரோகி. இந்த இரண்டுக்கும் நடுவில் அன்றைக்கு வண்டியில் ஏறி உட்கார்ந்தவர்கள். அவர்களை ‘இன்ஃபார்மர்கள்’ என்று ஒரே வார்த்தையில் மூட்டை கட்டிவிட்டோம். அந்த வழக்கில் மைசூர் தடா நீதிமன்றம் 2001ல் நாலு பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. உச்ச நீதிமன்றம் 2004ல் அதைத் தூக்காக்கியது. கருணை மனுவை வருஷக்கணக்காகக் கிடப்பில் போட்டதால் 2014 ஜனவரியில் அது மறுபடி ஆயுளானது. இத்தனை வருஷச் செய்திகளிலும் அந்த 15 பேரின் பெயரை வரிசையாக நான் எங்கும் படித்ததில்லை.

கதை முடிந்ததும் எங்கள் ஊர்ப் பக்கம்தான். 2004 அக்டோபர் 18 ராத்திரி, பாப்பாரப்பட்டி அருகே பாடி கிராமம். கண் வைத்தியத்துக்குப் போகலாம் என்று நம்பி வீரப்பனும் மூன்று பேரும் ஏறிய வண்டி ஒரு ஆம்புலன்ஸ். ஓட்டியவர் போலீஸ். சுட்டு முடித்த பிறகு உடல்கள் வந்தது தர்மபுரி அரசு ஆஸ்பத்திரிக்கு. மறுநாள் நானும் கூட்டத்தோடு கூட்டமாக அங்கே நின்றேன். ஊரே திரண்டிருந்தது. 1993ல் அடிபட்டவர்களைத் தூக்கிப்போட ஒரு ஆம்புலன்ஸ் இல்லாத இதே காட்டில், கடைசியில் ஆளை முடித்ததே ஆம்புலன்ஸ்தான் என்பது அன்றைக்குத் தோன்றவில்லை. பஸ்ஸில் ஏட்டையா பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது.

அன்று தரிசனம் நன்றாக நடந்தது. அம்மா வேண்டுதலை முடித்தாள். ஏட்டையா சாமி முன்னால் அரை நிமிஷம்தான் நின்றார். திரும்புகையில் சாயங்காலம் பாலாறு செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்தினார்கள். சோதனை. பத்து நிமிஷம் ஆகும் என்றதும் பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள். வெள்ளரிக்காய், மாங்காய்ப் பத்தை, டீ. ஏட்டையா இறங்கவில்லை. முன் சீட்டில் உட்கார்ந்தபடி எல்லோரும் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிரைவர் ஹாரன் அடித்தார். எல்லோரும் ஓடிவந்து ஏறினார்கள். கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டு விசிலை வாயில் வைத்தார். பஸ் நகர்ந்தது.

“நிறுத்துங்க” என்றார் ஏட்டையா.

“என்ன பெரியவரே?”

“ஒரு ஆள் குறையுது.”

“எல்லாரும் ஏறியாச்சுங்க. நான் பாத்தேன்.”

“ஒரு ஆள் குறையுது தம்பி. பச்சைப் பொடவ. பின்னாடியிருந்து மூணாவது சீட்டு.”

கண்டக்டர் சலித்துக்கொண்டே பின்னால் நடந்து போய்ப் பார்த்தார். மூன்றாவது சீட்டில் ஒரு கூடை மட்டும் இருந்தது. பஸ்ஸில் ஒரு முணுமுணுப்பு. இருட்டுவதற்குள் மேட்டூர் போய்ச் சேர வேண்டுமே என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

ரெண்டு நிமிஷம் கழித்து, செக்போஸ்ட்டுக்குப் பின்னாலிருந்து அந்த அம்மா மூச்சு வாங்க ஓடிவந்தாள். கையில் மாங்காய்ப் பொட்டலம். ஏறியதும் கண்டக்டரைப் பிடித்துக்கொண்டாள். “பொம்பள எறங்கிப் போயிருக்கா, ஏறினாளா இல்லையான்னு பாக்க மாட்டியா? உன் ஊட்டுப் பொம்பளையா இருந்தா உட்டுட்டுப் போவியா?”

கண்டக்டர் ஏட்டையாவைப் பார்த்தார். ஏட்டையா தலையை லேசாக ஆட்டிவிட்டு, காலை நீட்டிக்கொண்டு கண்ணை மூடினார்.